எங்கள் வீட்டு சாக்ஸபோனும் நாலு பாணியும்

என் வீட்டுக்காரரைப் பற்றி இந்தக் கடலோரத்து பேண்டு செட்டுக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. மற்றவர்கள் யோசிப்பதற்கு முன்பே யோசித்தவர், காலத்துக்குக் காலம் பாணியை மாற்றி எல்லோருக்கும் வழி காட்டியவர் என்று சொல்வார்கள். போன வருஷம் சாயல்குடியில் ஒரு காதுகுத்து வீட்டில் இதை மைக்கிலேயே சொல்லி சால்வை போட்டார்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, எம்புட்டு யோசிச்சு செஞ்சிருக்காரு பாருங்க மதினி என்றாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன். இருபத்தெட்டு வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் எதையும் முன்கூட்டி யோசித்து நான் பார்த்ததில்லை. காய் வாங்கக் கடைக்குப் போனால் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர்.

அவர் ஊதுவது சாக்ஸபோன். நான் தையல்காரி. முன்னறையில் என் மெஷின், அதற்கு எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்குகிற அவர் பெட்டி. அவருடைய செட்டில் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் உடுப்பு தைத்தது நான்தான். அதனால் அவர் பாணிகளை எல்லோரும் பாட்டை வைத்து ஞாபகம் வைத்திருந்தால், நான் துணியை வைத்து ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அவர் எனக்குத் தாய்மாமன் மகன். எங்கள் அய்யா சாயல்குடிக்கு வடக்கே மிளகாயும் பருத்தியும் போட்டவர். மாப்பிள்ளை மீது அவருக்குக் குறை கிடையாது, குழாய் மீதுதான் குறை. கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தவர், எங்கள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சாக்ஸபோனுக்கு மாறியிருந்தார். கறுப்புக் குழாய் வளைந்த மஞ்சள் குழாயாக மாறியதில் அய்யாவுக்குக் கொஞ்சமும் ஆறுதல் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லா செட்டும் சினிமாப் பாட்டை நடக்கிற வேகத்துக்குத்தான் வாசிப்பார்கள். இவர்தான் முதலில் அதை இரட்டை வேகமாக்கினார். ஊர்வலத்தில் இளவட்டங்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். புயல் மாதிரி ஊதுறான் என்று பேர் கிளம்பியது. காரணத்தை அவரே எனக்குச் சொன்னார். கல்யாணமான முதல் மாதம் அது, எதைப் பெண்டாட்டியிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவர் படித்திருக்கவில்லை. சித்திரை வெயிலில் தார்ரோடு. அவர் போட்டிருந்த கேன்வாஸ் ஷூவில் அடிப்பக்கம் தேய்ந்து, காலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் காகிதம் அளவுக்குத்தான் ஏதோ இருந்தது. பாட்டு வேகமாகப் போனால் கூட்டமும் வேகமாக நடக்கும். மண்டபத்து நிழல் சீக்கிரம் வரும். அவ்வளவுதான்.

இதனால் கடலாடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் குறித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெண்ணுக்குப் பாதிச் சடைதான் பின்னியிருந்தார்கள். சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பந்தக்கால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் விசிறினார்கள். ஆனாலும் ஒருவர்கூட செட்டைக் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷத்துக்குள் முதுகுளத்தூர் ரோட்டில் இருந்த எல்லா செட்டும் வேகமாக ஊத ஆரம்பித்தன. பக்கத்து ஊர் செட்டுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார், இவரைவிட நாலைந்து வயது இளையவர், அவரும் சாக்ஸபோன்தான். அவர் வேகத்தை இன்னும் ஏற்றப்போய், அவருடைய பெரிய டிரம்காரர் நடுரோட்டில் டிரம்மை இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் காலத்தில் நான் தைத்தது சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம். வேர்வையில் சாயம் போய் பன்னிரண்டு பேரின் கழுத்தும் சிவந்து கிடக்கும்.

எல்லோரும் வேகமாக ஊதக் கற்றுக்கொண்ட சமயத்தில் இவர் மெதுவாக ஊத ஆரம்பித்தார். பக்குவம் வந்துவிட்டது என்றார்கள். வந்தது பக்குவம் இல்லை, பாம்பன் காற்று.

பாம்பனில் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குத் தேர்ப்பவனி வாசிக்கப் போனார்கள். காற்று மாதம். படகுகளையெல்லாம் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். இவர் வழக்கம்போலப் படபடவென்று ஊத, அத்தனையையும் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. பத்தடி பின்னால் தேரோடு வருகிறவர்களுக்கு டிரம் மட்டும்தான் கேட்கிறது. வடம் பிடித்தவர்களில் ஒரு பெரியவர் முன்னால் ஓடிவந்து, ஊத ஆரம்பிக்கலாமே தம்பி, இன்னும் எதுக்காகக் காத்திருக்கிய என்று கேட்டாராம். இவர் அரைமணி நேரமாக ஊதிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். நீளமாக இழுத்தால் அதில் பாதியாவது பின்னால் போய்ச் சேர்கிறது. அன்றைக்கு முழுவதும் அப்படியே ஊதினார். தேர் நிலைக்கு வந்தபோது பெண்கள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். அது பக்தியா காற்றில் வந்த மணலா என்று நான் கேட்டேன்.

அதே பாணியை எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் கொண்டுவந்தார். இங்கே காற்றே கிடையாது. வேப்பமரம் அசையாமல் நிற்கிற இடத்தில் அந்த நீளமான சுரம் போய் எல்லோர் நெஞ்சிலும் உட்கார்ந்துகொண்டது. என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் அய்யா இவரைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்துக்கு வந்தவன்லாம் கேதத்துக்கு வந்தவன் மாதிரி உக்காந்துருக்கான். கொஞ்சம் பாத்துக்கங்க."

இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பக்கத்து ஊர் மாஸ்டரும் இழுக்க ஆரம்பித்தார். ஏழெட்டு வருஷம் இந்தக் கடலோரத்தில் ஒரு கல்யாணமும் அழாமல் நடக்கவில்லை.

அதற்கப்புறம் கெட்ட காலம் வந்தது. இதைக் கேலியாகச் சொல்ல எனக்கு இன்னமும் முழு மனசு வருவதில்லை. கேரளத்தில் இருந்து செண்டை மேளம் வந்தது. டிஜே பெட்டிகள் வந்தன. ஒரு லாரி நிறைய ஸ்பீக்கரோடு வந்து இறங்குகிறவர்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் ஊதினாலும் வாய் மட்டும்தான் தெரியும். முகூர்த்த மாதத்தில்கூட அவர் வீட்டில் இருந்தார். நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன், அவர் எதிரே உட்கார்ந்து ஊதுவாயில் கட்டுகிற ரீடை, அந்த நாணல் சீவலை, நாக்கில் நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ராமநாதபுரம் போய், பழைய கச்சேரிக் குழுக்காரர் ஒருவரிடம் இருந்து ஒரு எக்கோ பெட்டி வாங்கிவந்தார். சாக்ஸபோனில் ஒரு குட்டி மைக்கைக் கட்டி இந்தப் பெட்டியில் சொருகினால், ஊதினது திரும்பத் திரும்பக் கேட்கும். நல்ல யோசனைதான். ஆனால் அதில் எக்கோவைக் கூட்டிக் குறைக்கிற திருகு இறுகிப்போய்க் கிடந்தது. கூட்டின இடத்திலேயே நின்றது, குறைக்க முடியாது. இவர் ஒரு வரி ஊதினால் அது மூன்று தரம் திரும்பி வரும். முதல் வாரம் வீட்டில் பழகும்போது ஒரே சாக்ஸபோன் நாலாகி, நாலும் ஒன்றோடொன்று சண்டை போட்டது. என் தையலே கோணலாகப் போனது. பிறகு மெல்ல மெல்ல அதற்கு இடம் விட்டு ஊதப் பழகினார். இவர் ஒரு கேள்வி மாதிரி ஊதுவார், அது பதில் மாதிரி வரும். வெளியே போய் ஊதியபோது இளவட்டங்கள் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பளபளக்கிற நீலத் துணியும் வெள்ளி ஜரிகையும் வாங்கிக் கொடுத்தார். அந்தத் துணி ஊசியில் வழுக்கி வழுக்கி ஓடியது இன்னும் மறக்கவில்லை.

அவரோடு ஆரம்பத்தில் இருந்தே பெரிய டிரம் அடித்தவர் ஒருவர் உண்டு. வாலிநோக்கத்துக்காரர், முஸ்லிம். உப்பளத்தில் வேலை, முகூர்த்த நாளில் டிரம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இந்தப் பெட்டி பிடிக்கவே இல்லை. நாலைந்து கல்யாணம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "நீ ஒருக்கா ஊதுற, அது மூணுக்கா ஊதுது. நான் எதுக்கு மாப்ள அடிக்கிறது, ஒனக்கா, அதுக்கா?"

இவர், பிடிக்காதவன் போகலாம் என்று சொல்லிவிட்டார். நான் மெஷினில் இருந்து தலையைத் தூக்குவதற்குள் அவர் போய்விட்டார். டிரம்மை மறுநாள் யாரிடமோ கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டில் இருந்து எனக்குப் பிரியாணி வரும், பொங்கலுக்கு இங்கிருந்து நான் கொடுத்தனுப்புவேன். இவர்கள் இருவரும் அதை ஒன்றும் அறியாதவர்கள்போல சாப்பிட்டுக்கொண்டார்கள்.

இனி நாலாவது பாணி, அது வந்தது பல்லால். இவருக்குச் சர்க்கரை. ஈறு கெட்டுப்போய் மேல்வரிசையில் முன்பல் நாலும் ஆடியது. ராமநாதபுரத்து டாக்டர் நாலையும் எடுத்துவிட்டு, ஈறு காய்ந்த பிறகுதான் பல் கட்ட முடியும், மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார். நடந்தது மார்கழிக் கடைசி. தை பிறந்தால் முகூர்த்தம். ஒத்துக்கொண்ட தேதிகள் ஏழு இருந்தன.

சாக்ஸபோன் ஊதுகிறவர்களுக்குத் தெரியும், மேல்பல்லை ஊதுவாயின் மீது வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பல் இல்லாமல் உதட்டை மடித்துப் பிடித்தால் நாலு சுரத்துக்குள் உதடு வலித்துவிடும். ஊதுவார், நிறுத்துவார், உதட்டைத் துடைப்பார், மறுபடி ஊதுவார். அவர் நிறுத்துகிறபோதும் அந்தப் பெட்டி விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஒயரைப் பிடுங்கி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஏழில் முதல் கல்யாணம் வாலிநோக்கத்தில். பல் போன சேதி அந்த ஊருக்குள் போய்விட்டிருக்கிறது. அதற்கு முந்தின நாள் காலையில் டிரம்காரர் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பையில் மீன். இவர் வாங்க மாப்ள என்றார். பல் இல்லாமல் அது வேறு என்னவோ மாதிரி வந்தது. டிரம்காரர் சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மீனைக் குழம்பு வைத்தேன், இவருக்கு மட்டும் முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் டிரம்காரர் கேட்டார், "நாளைக்கு நீ நிறுத்துற எடத்துல என்ன பண்ணப்போற?" இவர் தெரியவில்லை என்றார். "அப்ப நான் வாரேன்," என்றார்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், இவர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் ஆள் வேண்டுமே என்று. இவர் மூன்றே சுரம் ஊதினார். நிறுத்தினார். அந்த இடத்தில் டிரம் மட்டும் மெதுவாக, ரொம்ப மெதுவாக. பிறகு இவர் இரண்டு சுரம். பேசிக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்தது எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் உதட்டைத் துடைக்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து ஊர் மாஸ்டர் பந்தலுக்கு வெளியே நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

தை முடிவதற்குள் அவரும் நிறுத்தி நிறுத்தி ஊத ஆரம்பித்தார். அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் கல்லுப்போல இருந்தன.

அந்த மாசியில்தான் மறுபடி பாம்பன் போனார்கள். அங்கே பாலத்து வேலைக்காக வந்திருந்த ஒரு என்ஜினியர், சென்னைக்காரர், ஊர்வலத்தோடேயே நடந்துவந்து கடைசியில் இவரையும் டிரம்காரரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போனாராம். நீங்க ஜாஸ் கேப்பீங்களா என்று கேட்டிருக்கிறார். இவர் அது ஏதோ சோடா என்று நினைத்து, இல்ல சார், எனக்குச் சுகர் என்றிருக்கிறார். என்ஜினியர் போனை ஒரு சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்து, அமெரிக்காவில் டிரம்பெட் ஊதின ஒருவருடைய வாசிப்பை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இளவயதில் அவர் ஊதினது, நடுவயதில் ஊதினது, அதற்கப்புறம் ஊதினது என்று வரிசையாக.

வீட்டுக்கு வந்தவர் உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "ஒரே ஆளுத்தா. ஆனா நாலு ஆளு மாதிரி ஊதியிருக்காரு. மொதல்ல ஒரே வேகம். அப்புறம் மெதுவா. அப்புறம் கரண்டுல சொருகிட்டாராம், அதுக்கு அவரு ஆளுகளே ஏசுனாகளாம். எல்லாரும் அவரைப் பாத்து மாறுவாகளாம், மாறி முடிக்கையில அவரு அங்கன இருக்க மாட்டாராம்."

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். "அவருக்கு எந்தப் பல்லு விழுந்துச்சாம்?" என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில், அந்தாளுல்லாம் யோசிச்சு மாத்துனவரு என்றார். நான் சொன்னேன், அது அவரு பெண்டாட்டியக் கேட்டாத்தான் தெரியும்.

என்ஜினியர் அந்த வாசிப்புகளையெல்லாம் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். மத்தியானம் நான் தைக்கும்போது எதிரே உட்கார்ந்து போட்டுக் கேட்பார். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு என்றால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு ஒழுங்கு வேண்டாமா. ஆனால் ஒன்று இருந்தது, மெதுவானது, வெறும் மூச்சு மாதிரி ஆரம்பிக்கும். அது வரும்போது என் கால் தன்னால் மெஷின் மிதியில் நின்றுவிடும். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, அதையே அடிக்கடி போட்டார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இருந்துகொள்வேன்.

பங்குனி கடைசியில் பல் கட்டினார்கள். முதலில் வெற்றிலை கேட்டார், பிறகு சாக்ஸபோனை எடுத்தார். பழைய வேகம் அப்படியே வந்தது. சிவப்புக் கோட்டு காலத்துப் பாட்டு ஒன்றை ஊதிக்காட்டினார், அக்கம்பக்கத்தில் எட்டிப்பார்த்தார்கள். ஆனால் அடுத்த கல்யாணத்துக்குப் போனபோது பழையபடி மூன்று சுரம், நிறுத்தம், இரண்டு சுரம். கூட்டம் இதற்குப் பழகிவிட்டதால் செய்கிறார் என்று நினைத்தேன். ஊருக்கு ஊர் இதையே செய்தார். ஒருநாள் கேட்டேவிட்டேன். அதான் பல்லு வந்துருச்சே, நல்லா ஊதவேண்டியதுதானே என்றேன்.

அவர் சாக்ஸபோனை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "பல்லு இல்லாதப்ப நாலு சுரத்துக்கு மேல முடியாது. அப்ப எந்த நாலுன்னு பொறுக்கி எடுக்கணும்ல. பொறுக்கிப் பழகிட்டேன்த்தா. இப்ப வாய் இருக்குன்னு எல்லாத்தையும் ஊதுனா, எனக்கே கேக்கப் பிடிக்க மாட்டேங்குது," என்றார்.

அன்றைக்குக் காப்பியில் கொஞ்சம் கூடப் பால் விட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. தார்ரோடும் காற்றும் இறுகின திருகும் எல்லோருக்கும்தான் வருகின்றன. எங்கள் தெருவிலேயே சர்க்கரையில் பல் போனவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னொரு சால்வையை நானே போட்ட மாதிரி ஆகிவிடும்.

இந்த ஆவணியில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு ராமநாதபுரம். பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும், குழாயைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. அதனால் பக்கத்து ஊர் மாஸ்டரின் செட்டையே பேசினோம். அவர் வெற்றிலை பாக்கை வாங்கும்போது கண்கலங்கி, அண்ணன் வீட்டுக் கல்யாணம், அண்ணன் பாணியிலேயே ஊதுறேன் என்றார். எந்த அண்ணன், வெயில் அண்ணனா, காற்று அண்ணனா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மாஸ்டர் நிறுத்தி நிறுத்தித்தான் ஊதினார். நன்றாகவே ஊதினார். இவர் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிடுகிறார், காது மட்டும் பந்தலுக்குள் இருக்கிறது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கும்பிடாமலே உள்ளே விட்டுவிட்டார். நான் போய் முழங்கையில் இடித்தேன். "தப்பான எடத்துல நிறுத்துறான்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், கட்டின பல்லை. தாலி கட்டும்போதுகூட அவர் முகத்தில் கவலைதான் இருந்தது. மகளுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பெண் மாலையோடு காலில் விழுந்து எழுந்ததும்தான் அவருக்கு எங்கே இருக்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெகுநேரம் விடவே இல்லை.

பந்தியில் செட்டுக்காரர்களை நானே நின்று கவனித்தேன். மாஸ்டர் இலைக்கு எதிரே இவரும் டிரம்காரரும் நின்றார்கள். மாஸ்டர் சோற்றில் கைவைத்தபடி கேட்டார், அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன், இப்படி விட்டு விட்டு ஊதுறது எப்படித் தோணுச்சு என்று. டிரம்காரர் சட்டென்று பந்தலின் மேல்துணியைப் பார்க்க ஆரம்பித்தார். என் கையில் பாயச வாளி. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடல் அலை இருக்கே, அது வந்துட்டு ஒரு நிமிசம் நிக்கும்ல என்று தொடங்கினார். சொல்லிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சினதில்லை.

நான் மாஸ்டர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டேன். ஆமா தம்பி, அலையத்தான் பாத்துக்கிட்டே இருப்பாரு என்றேன். டிரம்காரருக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

மகள் போனபிறகு வீடு சத்தம் குறைந்துதான் கிடக்கிறது. இவர் இப்போது பேண்டுக்குக் குறைவாகப் போகிறார், மத்தியானங்களில் என் எதிரே உட்கார்ந்து புதிதாக ஏதோ பழகுகிறார். ஊதுவாயைப் பாதி வாயில் வைத்துக்கொண்டு, சுரம் வருவதற்கு முந்தின அந்த மூச்சை மட்டும் விடுகிறார். கூடவே விரலால் குழாயின் சாவிகளைத் தட்டுகிறார், டொக் டொக்கென்று கேட்கிறது. என்னவென்று கேட்டால் இன்னும் தெரியலத்தா என்கிறார். முந்தாநாள் மகள் போன் பண்ணினாள், பேசிவிட்டு மாமியாரிடம் கொடுத்தாள். சம்பந்தியம்மா சௌக்கியம் விசாரித்துவிட்டு, அங்கன என்ன சத்தம் மதினி, தண்ணி மோட்டார் ஏதும் ரிப்பேரா என்று கேட்டார்கள்.

நான் எதிரே பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா மதினி, மோட்டார்தான். ஆள் பாத்துக்கிட்டு இருக்காக," என்றேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, ஊதுவதை நிறுத்தாமல் அதை மறுபடி மூடிக்கொண்டார்.